கடைசி முறுக்கு

ஓய்வு பெற்ற அப்பா அம்மா அமெரிக்கா போனால் அவர்களுக்கென்று மூன்று வேலைகள் உண்டு. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, சாயங்காலம் பூங்காவில் நடப்பது, சனிக்கிழமை கோயிலுக்குப் போவது. எங்களுக்குப் பேரப்பிள்ளை இன்னும் இல்லை. ஆகவே எனக்கு நாலாவதாக ஒரு வேலை கிடைத்தது. ஒரு காருக்குள் டிரைவர் ஸீட்டில் இருபது பவுண்டு சோனா மசூரி அரிசி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பது.

சிரிக்காதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் மகன் இருக்கிறான். சாஃப்ட்வேர். ஆபீஸுக்குப் போக ஒரு மின்சாரக் கார் வைத்திருக்கிறான், அது வெளியே வெயிலில் நிற்கிறது. கேரேஜுக்குள் சொகுசாக நிழலில் இருப்பது இன்னொன்று. மாஸ்டா மியாட்டா, 2001 மாடல். இரண்டே பேர் உட்காரலாம். தலைக்கு மேல் துணிக்கூரை, வேண்டாமென்றால் பின்னால் மடித்துவிடலாம். 1989-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, 2016-ல் பத்து லட்சமாவது காரைத் தொட்ட வண்டி. இரண்டு ஸீட் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே அதிகம் விற்றது இதுதான் என்று கின்னஸில் இடம்பிடித்திருக்கிறது. நம் ஊரில் கம்பெனி இதை விற்றதில்லை.

நாங்கள் போய் இறங்கிய வாரமே வாசலில் கனமான அட்டைப் பெட்டி ஒன்று வந்தது. பையன் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனான். பிரித்தால் நாலு குழாய்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு தடித்த ஸ்பிரிங். குழாயின் உடம்பு முழுக்கத் திருகுமரை. மேலே கடிகாரச் சாவி மாதிரி ஒரு குமிழ்.

“காய்லோவர்ப்பா. இருக்கறதெல்லாம் இருபத்துச் சொச்சம் வருஷப் பழசு, ஷாக் அப்சார்பர் செத்துப்போச்சு. நானே மாத்தப் போறேன்.”

“எவ்வளவு?”

“ஆயிரத்துச் சொச்சம் டாலர்.”

மனசுக்குள் ரூபாயால் பெருக்கிப் பார்த்துவிட்டு, எல்லா அப்பாக்களும் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன். “காருக்கு அடியில படுக்கவாடா உன்னை இன்ஜினீயரிங் படிக்க வெச்சேன்?”

அவன் பதில் சொல்லவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு கேரேஜுக்குப் போய்விட்டான். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சு குறைந்தது. ஸ்பிரிங்கால் குடும்பத்தில் அதிர்ச்சி என்றாள் என் மனைவி.

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைத்தான் இந்த வாரம் எழுத வேண்டும். அதற்கு முன் கொஞ்சம் விஞ்ஞானம்.

டவுன் பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா? வேகத்தடை வந்தால் கூரையில் தலை இடிக்குமே, அதைத் தவிர்ப்பதுதான் சஸ்பென்ஷனின் வேலை. அதில் இரண்டு பேர் சேர்ந்து உழைக்கிறார்கள். ஒருவர் ஸ்பிரிங். மேட்டில் சக்கரம் ஏறினால் அமுங்கி, அந்த அடியை வாங்கித் தனக்குள் வைத்துக்கொள்வார். ஆனால் வாங்கியதை வைத்திருக்கத் தெரியாது, உடனே திருப்பிக் கொடுப்பார். வண்டி குதிக்கும், மறுபடி அமுங்கும், மறுபடி குதிக்கும். இதை அடக்க இன்னொருவர் வேண்டும். அவர்தான் ஷாக் அப்சார்பர். நம்மூர் மெக்கானிக்குகள் ‘ஷாக் அப்சர்வர்’ என்பார்கள். உள்ளே எண்ணெய் இருக்கிறது. சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக அந்த எண்ணெயைப் பிதுக்கி, ஆட்டத்தைச் சூடாக மாற்றி வெளியே விட்டுவிடுவார். ஸ்பிரிங் கோபக்காரர், ஷாக் சமாதானக்காரர். எந்த வீட்டிலும் இரண்டு பேரும் வேண்டும்.

காய்லோவர் என்றால், ஷாக்கின் மேலேயே ஸ்பிரிங்கை மாட்டி ஒரே சாமானாக்கியது. சாதாரணக் கார்களிலும் இப்படி வருவதுண்டு. தனியாகக் காசு கொடுத்து வாங்குவதில் என்ன விசேஷம் என்றால், எல்லாவற்றையும் நாமே திருகி மாற்றலாம். காரின் உயரத்தை மாற்றலாம். குமிழைத் திருகினால் எண்ணெயின் வழி குறுகும், ஷாக் இறுகும். ‘டிக் டிக்’ என்று முப்பது படிகள். ஸ்பிரிங்கும் கம்பெனிக்காரன் கொடுத்ததைவிட ரொம்பக் கெட்டி. பையன் வாங்கியதில் முன்பக்க ஸ்பிரிங் 7 கிலோ. அதாவது 7 கிலோ வைத்தால் 1 மில்லிமீட்டர் அமுங்கும், 70 கிலோ வைத்தால் 10.

இதெல்லாம் எதற்கு? ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டோகிராஸ் என்று ஒன்றுக்குப் போகிறான். பெரிய காலி மைதானத்தில் ஆரஞ்சு கோன்களை வைத்து வளைந்து வளைந்து ஒரு பாதை போட்டுவிடுகிறார்கள். ஒருவர் ஓட்டி முடிந்து அடுத்தவர் கிளம்புவார். யாரும் யாரையும் இடிக்க முடியாது, எதிரி கடிகாரம் மட்டும்தான். ஒரு கோனைத் தட்டிவிட்டால் இரண்டு விநாடி அபராதம். அறுபது விநாடி ஓட்டத்துக்காகக் காலையிலிருந்து மாலை வரை வெயிலில் நிற்கிறார்கள். கிரிக்கெட் பார்க்கும் நாம் அதைக் கேலி செய்ய முடியாது.

சனிக்கிழமை காலை வேலை ஆரம்பமானது. நான் பேப்பர் படிக்கிற மாதிரி கேரேஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஜாக்கி வைத்துத் தூக்கினான், நாலு ஸ்டாண்டுகளில் காரை நிறுத்தினான், தோளால் முட்டி அசைத்துப் பார்த்தான். கழற்றிய சக்கரங்களைப் பக்கவாட்டில் காருக்கு அடியில் தள்ளினான். ஒருவேளை வண்டி சரிந்தால் ஆள் மேல் விழாமல் சக்கரத்தின் மேல் விழும். சரிதான், யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய ஷாக்கின் தலையில் இருக்கும் மூடியைக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். அந்த மூடி ஒரே ஒரு நட்டில் நிற்கிறது. ஸ்பிரிங்கோ அமுங்கிய நிலையில் எப்போது வெளியே வரலாம் என்று காத்திருக்கிறது. நட்டை அப்படியே கழற்றினால் மூடி துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். அதனால் இரண்டு பக்கமும் கொக்கி போட்டு ஸ்பிரிங்கை முதலில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அவன் கொக்கியை மாட்டிவிட்டு ஸ்பிரிங்குக்கு நேராக முகத்தை வைத்துக் குனிந்தான்.

“தள்ளி நில்லுடா!”

நான் போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். பையன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

“ஸ்பிரிங்குக்கு நேரா மூஞ்சிய வெக்காதே. பக்கத்துல நின்னு முறுக்கு.”

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். முப்பத்திரண்டு வருஷம் பேங்க்கில் லெட்ஜர் பார்த்த அப்பாவுக்கு இது எப்படித் தெரியும்?

தெரியும். என் அப்பாவின் வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

சங்ககிரியில் லாரிப் பட்டறையில் அப்பா பட்டை வேலைக்காரர். லாரிக்கு அடியில் வில் மாதிரி வளைந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புத் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பட்டை. ஒடிந்த பட்டையை நம்மூரில் அரிவாளாக அடித்துவிடுவார்கள், அவ்வளவு நல்ல இரும்பு. அந்த அடுக்கை நடுவில் ஒரு போல்ட் பிடித்திருக்கும். பிடிமானம் போடாமல் அந்த போல்ட்டைக் கழற்றினால் தகடுகள் விரிந்து அடிக்கும். ஒருநாள் யாரோ அவசரப்படுத்தியதில் அப்பா பிடிமானம் போடவில்லை.

பத்து வயதிலிருந்து பதினாறு வரை பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் நான் அங்கேதான். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, கிரீஸ் அப்புவது, டீ வாங்கி வருவது. அப்பாவின் லட்சியம் ஒன்றே ஒன்று: இந்தப் பையன் கையில் கறுப்பு படியக்கூடாது. பேங்க்கில் வேலை கிடைத்த அன்று என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான், ஒன்றும் பேசவில்லை.

நானும் அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பெண் பார்க்கப் போனபோது ‘அப்பா லாரி லைன்ல இருந்தார்’ என்றோம். கேட்டவர்கள் நாலு லாரி ஓடுவதாக நினைத்துக்கொண்டார்கள், நாங்கள் திருத்தவில்லை. மகனிடமும் அதே வாக்கியம்தான். 1996-ல் அப்பா இறந்தபோது அவனுக்கு நாலு வயது. இத்தனை வருஷம் பத்திரிகையில் என்னென்னவோ எழுதியிருக்கிறேன், அப்பாவின் விரலை எழுதியதில்லை.

அதனால்தான் கிரீஸ் கையோடு பையனைப் பார்த்ததும் அந்தக் கேள்வி வந்தது. இரண்டு தலைமுறை பாடுபட்டுக் கழுவிய கையை இவன் ஆசைப்பட்டு, காசு கொடுத்து, கறுப்பாக்கிக்கொள்கிறான்!

அன்றைக்கும் நான் எதுவும் சொல்லவில்லை. இரவு எட்டு மணிக்கு நாலையும் மாட்டி, காரைக் கீழே இறக்கி, சந்தோஷமாக ஒரு சுற்றுப் போனான். திரும்பி வந்தபோது முகம் தொங்கியிருந்தது.

“கட்டை வண்டி மாதிரி இருக்குப்பா. கிறீச் கிறீச்னு சத்தம் வேற. நான் வெச்ச உயரத்துக்கு இறங்கவும் மாட்டேங்குது.”

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குமிழைத் திருகினான். கடைசிவரை இறுக்கிப் பார்த்தான், கடைசிவரை தளர்த்திப் பார்த்தான். இறங்காத காரை இறக்க மரைகளை இன்னும் கீழே திருகினான். இப்போது சின்னப் பள்ளத்தில்கூட அடியில் ‘டக்’கென்று முட்டியது. இந்த மாதிரி சாமானில் உள்ள ஆபத்தே இதுதான். திருக இடம் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருகுகிறோம். பிறகு எதனால் என்ன ஆனது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நேர வித்தியாசம் என்று மனைவியிடம் சொன்னேன். உண்மையில், அந்த ‘கிறீச்’ சத்தத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

ஒரு டாக்டரின் அம்பாஸடர். பின்பக்கப் பட்டையின் இரண்டு முனையிலும் ரப்பர் புஷ் இருக்கும். வேறெங்கோ மாற்றி ஆறு மாதத்தில் கிழிந்து, கிறீச்சிட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தது. அப்பா பார்த்துவிட்டு, ஈரத் துணி ஒன்றை எடுத்து என் கையில் ஒரு முனையைக் கொடுத்து மறுமுனையை முறுக்கினார்.

“பாத்தியா கண்ணு, முறுக்கி வெச்சா திரும்பிக்கத்தான பாக்கும்? ரப்பரும் அப்புடித்தான். வண்டி ஜாக்கில தொங்கறப்ப போல்ட்ட இறுக்கிப்போட்டா, கீழ எறங்குனதும் ரப்பர் முறுக்கிக்கும். எந்நேரமும் திமிறிக்கிட்டே கெடக்கும், அப்பறம் கிழிஞ்சுபோயிரும். வண்டியக் கீழ எறக்கி, பாரத்தக் குடுத்து, அப்பறந்தான் கடைசி முறுக்கு முறுக்கோணும்.”

லாரிக்கும் அதே சட்டம். அங்கே ரப்பர் இல்லை, பட்டையை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட். ஜாக்கியில் முக்கால்வாசி, தரையில் மீதி, முதல் லோடு அடித்துத் திரும்பியதும் இன்னொரு தடவை. பாரம் வந்தால்தான் தகடுகள் ஒன்றோடொன்று சரியாகப் படியும்.

மியாட்டாவில் முன் ஷாக்கை வெளியே எடுக்க, சக்கரத்தைத் தாங்கும் மேல் கையின் நீண்ட போல்ட்டை உருவ வேண்டும். அதில் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. பையன் வேலை முடிந்ததும் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே, டார்க் ரெஞ்சை வைத்துக் கணக்காக, கச்சிதமாக, தப்பாக இறுக்கியிருந்தான்.

காலை ஐந்தரைக்கு அவனை எழுப்பினேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டிருந்தேன். சொன்னால் ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்பான். அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பரவாயில்லை.

“போல்ட்டையெல்லாம் தளர்த்து. சக்கரத்துக்குக் கீழ கட்டை வெச்சு வண்டியை அதுமேல இறக்கு. நாலு தடவை அமுக்கி விடு. அப்புறம் இறுக்கு.”

ஒன்றும் கேட்காமல் செய்தான். ஒவ்வொரு போல்ட்டும் தளரும்போது ‘ணங்’கென்று சத்தம். திமிறிக்கொண்டிருந்த ரப்பர் விடுபடும் சத்தம் அது. நாலு மூலையும் முடிந்தபோது கார் முன்னைவிட ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்கி உட்கார்ந்திருந்தது. ஒரு சுற்றுப் போய் வந்தான். சத்தம் இல்லை.

எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டு கேட்டான். “அப்பா, தாத்தா உண்மையில என்ன வேலை பண்ணினார்?”

சொன்னேன். பட்டை, பட்டறை, விரல், டாக்டரின் அம்பாஸடர், எல்லாம். ஆபீஸ் மீட்டிங்கைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கேட்டான். நடுவில் மனைவி காபி கொண்டு வந்து வைத்தாள். கல்யாணத்தின்போது இல்லாத நாலு லாரிகளைப் பற்றி அவளுக்கு எப்போதோ தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இனி அரிசி மூட்டை. டீக்கடை பெஞ்சில் ஒரு கால் குட்டையாக இருந்தால் என்ன ஆகும்? குறுக்கே உள்ள இரண்டு கால்கள் பாரத்தைத் தாங்கும், மற்ற இரண்டும் சும்மா இருக்கும். காரும் அப்படித்தான். ஒரு மூலையை ஒரு சுற்று உயர்த்தினால், அந்தச் சக்கரத்துக்கும் அதற்குக் குறுக்கே எதிர் மூலையில் இருக்கும் சக்கரத்துக்கும் பாரம் கூடும். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் கார், இடது பக்கம் திரும்பும்போது ஒரு மாதிரியும் வலது பக்கம் திரும்பும்போது இன்னொரு மாதிரியும் நடந்துகொள்ளும். அதனால் நாலு சக்கரத்துக்கு அடியிலும் தராசு வைத்துப் பார்க்க வேண்டும். நண்பன் ஒருவனிடமிருந்து தராசுகளை இரவல் வாங்கி வந்தான்.

தரை மட்டமில்லை என்றால் தராசு பொய் சொல்லும். அவன் லேசர் கருவி வாங்கக் கிளம்பினான். நான் தோட்டத்துக் குழாய்க்கு வாங்கிய கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பி நம்மூர் கொத்தனார் பிடிக்கும் மட்டத்தைப் பிடித்துக் காட்டினேன். தாழ்வான இரண்டு தராசுகளுக்குக் கீழே தரை ஓடு வைத்துச் சரி செய்தோம்.

காரை எடை போடும்போது ஓட்டுகிறவர் உள்ளே இருக்க வேண்டும். ஆனால் மரையைத் திருகுகிறவரும் அவரேதான். அவன் எடை 81 கிலோ, நான் 72. குறையும் 9 கிலோவுக்கு சமையலறையில் இருபது பவுண்டு அரிசி மூட்டை இருந்தது. அப்படித்தான் நான் பாரமானேன். அப்பாக்களுக்கு வயதானால் பாரம் என்பார்கள். சில இடங்களில் அந்தப் பாரம் இல்லாமல் கணக்கு வராது.

மொத்தம் 1,144 கிலோ. இடது முன்னும் வலது பின்னும் சேர்த்து 588. மற்ற குறுக்கில் 556. இடது முன்பக்கத்தை அரைச் சுற்று இறக்கினான், வலது முன்பக்கத்தைக் கால் சுற்று ஏற்றினான். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், உடனே நோட்டில் எழுத்து, காரை ஆட்டிவிட்டு மறுபடி எடை. நாற்பத்தைந்து நிமிஷத்தில் 573-க்கு 571. அதற்கப்புறம் கடைக்குக் கொண்டுபோய் வீல் அலைன்மென்ட். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் மாறும் என்பதால் அது கடைசியில்தான். குமிழ்கள் நாலும் நடுவில், பதினைந்தாவது படியில். கெட்டியாக இருந்தால் நன்றாக ஓடும் என்பது பொய். ரொம்பக் கெட்டியானால் டயர் ரோட்டைப் பிடிக்காமல் மேட்டுக்கு மேடு தாவும். தரையைத் தொடாத டயருக்குத் திரும்பத் தெரியாது.

நம்மூரில் இதைச் செய்ய நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், தாழ்த்திய காரோடு நம் தெருமுனை வேகத்தடையைத் தாண்டிப் பாருங்கள். அதுவே ஒரு தீர்ப்பு.

அடுத்த ஞாயிறு மைதானத்துக்கு நானும் போனேன். ஜெயித்தானா என்று கேட்பீர்கள். இல்லை. நடுவில் எங்கேயோ வந்தான். கடைசி ஓட்டத்தில் ஒரு கோனையும் தட்டினான். ஒவ்வொரு முறையும் பாதை மாறுவதால் பழைய நேரத்தோடு ஒப்பிடவும் முடியாது. ஆனால் இடதுக்கும் வலதுக்கும் கார் ஒரே மாதிரி திரும்புகிறது என்றான். எனக்கு அது போதும் என்று தோன்றியது.

ஊருக்குக் கிளம்பும் முன் அவனுடைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். தேதி, உயரம், எடை, படி எண்கள், எல்லாம் ஆங்கிலத்தில். முதல் பக்கத்தில் மட்டும் தமிழில், எழுதிப் பழக்கம் விட்டுப்போன கோணல் கையெழுத்தில் ஒரு வரி: ‘கடைசி முறுக்கு தரையில் – தாத்தா.’

விமானத்தில் உட்கார்ந்ததும் கையைப் பார்த்துக்கொண்டேன். நகக்கண்ணில் கொஞ்சம் கிரீஸ் இருந்தது. கழுவிவிட்டு வரலாமே என்றாள் மனைவி. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.